வண்டலில் மெத்தில் பாதரசம்: மீட்பு விழுக்காடு சரியாக இருந்தும் அளவீட்டில் ஐயம்

கேள்வி (கழிமுகம்)

வணக்கம். முனைவர் பட்ட ஆய்வில் மூன்றாம் ஆண்டில் இருக்கிறேன். பல ஆண்டுகளாகப் பாதரசக் கழிவு கலந்துவந்த ஒரு கழிமுகத்தின் வண்டலிலும், அங்கே பிடிபடும் மீன்களிலும் மெத்தில் பாதரசத்தை (மெத்தில் தொகுதியோடு பிணைந்த, மிகுந்த நச்சுள்ள பாதரச வடிவம்) அளந்து வருகிறேன். வண்டலை அமிலத்துடன் சேர்த்துக் காய்ச்சி வடித்து, வடிநீரில் சோடியம் டெட்ராஎத்தில்போரேட் இட்டு எளிதில் ஆவியாகும்படி எத்திலேற்றி, வெளிவரும் ஆவியை உறிஞ்சிவைக்கும் டெனாக்ஸ் குழாயில் பிடித்து, வாயு வண்ணப்பிரிகையில் பிரித்து, அணு ஒளிர்வுக் கருவியில் அளக்கிறேன்.

தரக்கட்டுப்பாட்டு எண்களைப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஒவ்வொரு தொகுதியிலும் மூன்று வெற்று மாதிரிகளை (வண்டலோ மீனோ இல்லாமல் வினைப்பொருட்கள் மட்டும் கொண்டவை) ஓட்டுகிறேன். அவற்றில் கிடைக்கும் அளவு மிகக் குறைவு. சான்றளிக்கப்பட்ட ஒப்பீட்டுப் பொருளாக எங்கள் ஆய்வகத்தில் இருக்கும் சூரை மீன் தூளைப் பயன்படுத்துகிறேன். சான்றிதழில் உள்ள மதிப்பில் 98 விழுக்காடு கிடைக்கிறது. வண்டலில் தெரிந்த அளவு மெத்தில் பாதரசத்தைச் சேர்த்து மீட்டால் 96 விழுக்காடு. இரட்டை மாதிரிகளுக்கு இடையிலான வேறுபாடும் ஆறு விழுக்காட்டைத் தாண்டவில்லை.

ஆனால் என் நெறியாளர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். அதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மொத்தப் பாதரசத்துக்கு எதிராக மெத்தில் பாதரசத்தை வரைந்தால் எல்லாப் புள்ளிகளும் ஏறத்தாழ ஒரே நேர்கோட்டில், மொத்தத்தின் 0.03 விழுக்காட்டை ஒட்டி விழுகின்றன. மொத்தப் பாதரசம் கிலோவுக்கு 40 மில்லிகிராம் உள்ள அடுக்கில் மெத்தில் பாதரசம் 14 மைக்ரோகிராம் இருக்கிறது. பாதரசத்தை மெத்தில் வடிவாக மாற்றும், சல்ஃபேட்டை ஒடுக்கும் பாக்டீரியாக்கள் வாழும் மேல் சேற்று அடுக்கிலும், அவை பெருகியிருக்க வாய்ப்பே இல்லாத கீழ் மணல் அடுக்கிலும் விகிதம் மாறவில்லை. உயிரினங்கள் உண்டாக்கும் ஒரு பொருள் இப்படியா ஒழுங்காக நடந்துகொள்ளும் என்று அவர் கேட்கிறார். என் தரக்கட்டுப்பாட்டில் நான் எதைப் பார்க்கத் தவறிவிட்டேன்?

பதில் 1 (நிறைமாலை)

உங்கள் நெறியாளர் கேட்டது மிகச் சரியான கேள்வி. வரைபடத்தை அவரிடம் காட்டி, அவருடைய ஐயத்தை மறைக்காமல் இங்கே எழுதியதற்கு நன்றி.

மெத்தில் பாதரசத்தில் ஒரு தனித் தொல்லை உண்டு. மாதிரியில் இருக்கும் கனிமப் பாதரசத்தின் (மெத்தில் தொகுதி சேராத பாதரசம்) ஒரு சிறு பங்கு, நாம் மாதிரியைப் பக்குவப்படுத்தும்போதே மெத்தில் பாதரசமாக மாறிவிடுகிறது. பாக்டீரியா எதுவும் தேவையில்லை. வண்டலில் உள்ள கரிமப் பொருளும், காய்ச்சும் வெப்பமும், அமிலமும் போதும். 1990களின் நடுவில்தான் இது பரவலாகக் கவனத்துக்கு வந்தது. 1997இல் ஹிண்டெல்மனும் உடன் ஆய்வாளர்களும், இயற்கையில் உள்ளதைவிடச் செறிவூட்டப்பட்ட பாதரச ஐசோடோப்பை (நிறையெண்ணால் வேறுபடும் அணு வகை) கனிம வடிவில் மாதிரியில் சேர்த்து, அதே ஐசோடோப்பு மெத்தில் வடிவில் வெளிவருவதை, அணுக்களை நிறைப்படி பிரித்தளக்கும் ஐசிபி-எம்எஸ் கருவியில் நேரடியாகக் காட்டினார்கள். காய்ச்சி வடிக்கும் முறையில் இந்தப் போலி மாற்றம் பெரும்பாலும் கனிமப் பாதரசத்தின் 0.02 முதல் 0.03 விழுக்காடு வரை இருக்கிறது.

இப்போது உங்கள் எண்ணை எடுத்துக்கொள்வோம். கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்பது 40,000 மைக்ரோகிராம். அதில் 0.03 விழுக்காடு 12 மைக்ரோகிராம். நீங்கள் அளந்தது 14. அதாவது நீங்கள் கண்ட மெத்தில் பாதரசத்தில் பெரும்பகுதி கழிமுகத்தில் உண்டானதாக இல்லாமல், உங்கள் வடிகலத்தில் உண்டானதாக இருக்கக்கூடும்.

அப்படியானால் தரக்கட்டுப்பாட்டுச் சோதனைகள் ஏன் இதைச் சொல்லவில்லை? ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஒவ்வொன்றும் வேறு காரணத்தால் கண்ணை மூடிக்கொள்கிறது.

சூரை மீனில் உள்ள பாதரசம் ஏறத்தாழ முழுவதும் மெத்தில் வடிவிலேயே இருக்கிறது. மாறுவதற்கு அங்கே கனிமப் பாதரசம் மிகக் கொஞ்சம், அதில் 0.03 விழுக்காடு மாறினாலும் எந்தக் கருவிக்கும் தெரியாது. வண்டலில் நிலை தலைகீழ். மெத்தில் வடிவம் பெரும்பாலும் மொத்தத்தில் ஒரு விழுக்காட்டுக்கும் கீழே. உங்களுடையதுபோல் மாசு மிகுந்த இடங்களில் அதைவிடவும் மிகக் குறைவு. ஆகவே மீன் தூளில் 98 விழுக்காடு வருவது மீனைப் பற்றிய சான்று மட்டுமே.

சேர்த்து மீட்கும் சோதனையில் இன்னும் நுட்பமான ஓட்டை இருக்கிறது. மெத்தில் பாதரசம் சேர்த்த மாதிரியின் அளவிலிருந்து சேர்க்காத மாதிரியின் அளவைக் கழித்து மீட்பைக் கணக்கிடுகிறீர்கள். இரண்டிலும் கனிமப் பாதரசம் ஒரே அளவு. ஆகவே இரண்டிலும் போலி மெத்தில் பாதரசமும் ஒரே அளவு. கழிக்கும்போது அது மறைந்துவிடுகிறது. பிழை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் மீட்பு 96 என்றே வரும். இரட்டை மாதிரிகள் ஒத்துப்போவதற்கும் இதுவே காரணம். பிழை ஒழுங்கானது, ஆகவே மறுபடியும் மறுபடியும் அதே அளவில் வருகிறது. வெற்று மாதிரியிலோ கனிமப் பாதரசமும் இல்லை, கரிமப் பொருளும் இல்லை, மாறுவதற்கு ஒன்றுமே இல்லை.

செறிவூட்டிய ஐசோடோப்பும் ஐசிபி-எம்எஸ் கருவியும் கிடைத்தால், நிறையெண் 199 கொண்ட பாதரசத்தைக் கனிம வடிவிலும், 201 கொண்டதை மெத்தில் வடிவிலும் ஒவ்வொரு மாதிரியிலும் சேருங்கள். 199 மெத்தில் வடிவில் எவ்வளவு வருகிறது என்பது போலி மாற்றத்தையும், 201 எவ்வளவு மீள்கிறது என்பது இழப்பையும் ஒரே ஓட்டத்தில் சொல்லிவிடும். அணு ஒளிர்வுக் கருவிக்கு ஐசோடோப்புகளைப் பிரித்தறியத் தெரியாது. அது மட்டுமே உங்களிடம் இருந்தால் எளிய வழி ஒன்று இருக்கிறது. உங்கள் வண்டலையே பல பங்குகளாகப் பிரித்து, ஏறுவரிசையில் சாதாரணக் கனிமப் பாதரசத்தைச் சேர்த்து, ஒரு நாள் வைத்திருந்து வடித்துப் பாருங்கள். மெத்தில் பாதரசம் கூடவே ஏறினால் ஐயம் உறுதியாகிவிடும்.

பதில் 2 (குடுவை)

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் ஓர் எச்சரிக்கை. புதிதாகச் சேர்த்த கனிமப் பாதரசம், பல ஆண்டுகளாக வண்டலில் சல்ஃபைடாகவும் கரிமப் பொருளோடு பிணைந்தும் கிடக்கும் பாதரசத்தைவிட எளிதில் வினைபுரியலாம். ஆகவே சோதனையில் கிடைக்கும் மாற்ற விகிதத்தை எடுத்து, எல்லாப் பழைய முடிவுகளிலிருந்தும் கழித்துவிட்டு, மீதியை உண்மையான அளவு என்று அட்டவணையில் போட்டுவிடாதீர்கள். 14இலிருந்து 12ஐக் கழித்து வரும் 2 என்ற எண்ணுக்கு, இரண்டு பெரிய எண்களின் நிச்சயமின்மையும் சேர்ந்தே வரும். அதன் மேல் எந்த முடிவையும் கட்ட முடியாது. திருத்துவதைவிட முறையை மாற்றுவதே நல்லது. பொட்டாசியம் புரோமைடு, கந்தக அமிலம், காப்பர் சல்ஃபேட் ஆகியவற்றோடு வண்டலைக் கலக்கி, மெத்தில் பாதரசத்தை டைகுளோரோமீத்தேனுக்குள் இழுத்து, பிறகு நீருக்குள் மீட்டெடுக்கும் முறையில் போலி மாற்றம் கணிசமாகக் குறைகிறது. அதையும் 1997இலேயே புளூமும் உடன் ஆய்வாளர்களும் முன்வைத்தார்கள்.

மீன் தூளுக்குப் பதிலாக வண்டல் ஒப்பீட்டுப் பொருளையும் வாங்குங்கள். பிசிஆர்-580 என்ற கழிமுக வண்டலில் மொத்தப் பாதரசம் கிலோவுக்கு 132 மில்லிகிராம், மெத்தில் பாதரசம் 75.5 மைக்ரோகிராம். விகிதம் 0.06 விழுக்காட்டுக்கும் சற்றுக் கீழே. உங்கள் மாதிரிகளின் இயல்புக்கு இது மிக நெருக்கமானது. போலி மாற்றம் இருந்தால் இதில் தப்பாது தெரியும்.

நான் கரிம வெள்ளீயச் சேர்மங்களில், குறிப்பாகக் கப்பல் அடிப்பூச்சில் இருந்து வந்த டிரைபியூட்டைல் டின்னில், நீண்ட காலம் வேலை செய்தவன். அங்கே எங்களுக்கு வந்த சிக்கல் வேறு வாசல் வழியாக நுழைந்தது. எங்கள் வெற்று மாதிரியில் டைபியூட்டைல் டின் சிகரம் (அந்தச் சேர்மம் இருப்பதைக் காட்டக் கருவியின் வரைகோட்டில் எழும் முகடு) திடீரென்று தோன்றியது. கரைப்பானை மாற்றினோம், கண்ணாடிப் பொருட்களை மறுபடியும் அமிலத்தில் ஊறவைத்தோம், வினைப்பொருளைப் புதிதாக வாங்கினோம், சிகரம் போகவில்லை. கடைசியில், வடிகட்டியிலிருந்து குடுவைக்குப் போகும் ஒரு சாண் நீள பிவிசி குழாயைக் கழற்றிவிட்டு ஓட்டியபோது அது மறைந்தது. பிவிசி சிதையாமலிருக்க அதில் டைபியூட்டைல், மோனோபியூட்டைல் டின் சேர்மங்களைச் சேர்க்கிறார்கள். கடல் வண்டலில் டிரைபியூட்டைல் டின் சிதைந்து உண்டாவதும் அதே இரண்டுதான். குழாயிலிருந்து வந்ததை இயற்கைச் சிதைவு என்று எழுதியிருந்தால் யாரும் மறுத்திருக்க மாட்டார்கள்.

எத்திலேற்றும் வினைப்பொருளையும் கவனியுங்கள். கரைசலை உடனே சிறு புட்டிகளில் பிரித்து உறையவைத்து, பனிக்கட்டி உருகத் தொடங்கும்போதே எடுத்துப் பயன்படுத்த வேண்டும். பொடியோ கரைசலோ மஞ்சள் நிறம் காட்டினால் தொடவே கூடாது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் இபிஏ 1630 முறையும் இதையே சொல்கிறது.

பதில் 3 (அலகு)

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். சான்றிதழில் மதிப்பு எந்த வடிவில் தரப்பட்டிருக்கிறது என்று பார்த்தீர்களா? ஈஆர்எம்-சிஇ464 சூரை மீன் தூளில் மொத்தப் பாதரசம் கிலோவுக்கு 5.24 மில்லிகிராம், மெத்தில் பாதரசம் 5.50 மில்லிகிராம். பகுதி முழுமையைவிடப் பெரிதாக எப்படி இருக்க முடியும் என்று மாணவர்கள் திகைப்பதைப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது எண்ணில் மெத்தில் தொகுதியின் நிறையும் சேர்ந்திருக்கிறது. பாதரசமாக மட்டும் கணக்கிட்டால் அது 5.12 ஆகிவிடும். பாதரசத்தில் இந்த வேறுபாடு ஏழு விழுக்காடுதான், ஆனால் அது 98ஐ 91 ஆக்கப் போதும். டிரைபியூட்டைல் டின்னில் வெள்ளீயமாகச் சொல்வதற்கும் நேர்மின் அயனியாகச் சொல்வதற்கும் இடையே 2.44 மடங்கு வேறுபாடு. ஐரோப்பிய ஒன்றியம் மேற்பரப்பு நீருக்கு வைத்திருக்கும் ஆண்டுச் சராசரி வரம்பு லிட்டருக்கு 0.2 நானோகிராம், அதுவும் அயனியாகச் சொல்லப்பட்டது. வெள்ளீயமாக அளந்த எண்ணை அப்படியே அதனோடு ஒப்பிட்டால், வரம்பை மீறிய நீரையும் தூய்மையானது என்று எழுதிவிட நேரும்.

கழிமுகம்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சான்றிதழை மீண்டும் படித்தேன். நான் அயனியாகவே, அதாவது மெத்தில் தொகுதியின் நிறையையும் சேர்த்தே கணக்கிட்டிருந்தேன், அது சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் மற்றது சரியில்லை.

நேற்றும் முன்தினமும் கனிமப் பாதரசத்தைச் சேர்த்துப் பார்த்தேன். ஒரு வரிசையை என் சேற்றிலும், ஒப்பிடுவதற்காக இன்னொன்றைச் சுட்டுத் தூய்மையாக்கிய குவார்ட்ஸ் மணலிலும் வைத்தேன். மணலில் வெற்று மாதிரியைவிடச் சற்றே மேலே போனது, அவ்வளவுதான். சேற்றில், சேர்த்த ஒவ்வொரு மில்லிகிராம் கனிமப் பாதரசத்துக்கும் ஏறத்தாழ கால் மைக்ரோகிராம் மெத்தில் பாதரசம் கூடியது. வரைபடத் தாளில் புள்ளிகளை வைக்கும்போதே கை நடுங்கியது. என் கழிமுக வரைபடத்தின் சாய்வுக்கு இது மிக அருகில் இருக்கிறது. மணலில் மட்டும் செய்து பார்த்திருந்தால் என் முறையில் குற்றமே இல்லை என்று நினைத்திருப்பேன்.

அதே 40 மில்லிகிராம் அடுக்கிலிருந்து ஒரு பங்கை டைகுளோரோமீத்தேன் முறையில் எடுத்தேன். கிடைத்தது 14 அல்ல, 5. சேர்த்து மீட்டதில் 88 விழுக்காடு வந்தது. வடிமுறையில் பெற்ற வண்டல் அட்டவணையை அத்தியாயத்திலிருந்து எடுத்துவிடுகிறேன் என்று நெறியாளரிடம் சொல்லிவிட்டேன். மீன் முடிவுகளையும் எடுத்துவிட வேண்டுமா?

பதில் 4 (நிறைமாலை)

மீன் முடிவுகளை எடுக்க வேண்டாம். உங்கள் மீன் தசைகளில் மொத்தப் பாதரசத்தையும் அளந்திருப்பீர்கள். மெத்தில் வடிவம் அதில் பெரும்பங்காக இருந்தால், மாறக்கூடிய கனிமப் பாதரசம் மிகக் குறைவு என்பதை அந்த விகிதமே காட்டும். கல்லீரல் மாதிரிகள் இருந்தால் மட்டும் தனியாகப் பாருங்கள், அங்கே கனிமப் பங்கு கூடுதலாக இருப்பதுண்டு.

5 என்ற எண்ணையும் இப்போதே முடிவு என்று கொள்ளாதீர்கள். டைகுளோரோமீத்தேன் துளியளவு மிஞ்சினாலும் எத்திலேற்றம் கெடும், ஆகவே நீருக்குள் மீட்கும்போது அது முழுவதும் வெளியேறியதா என்று உறுதி செய்யுங்கள். கனிமப் பாதரசத்தை ஏறுவரிசையில் சேர்க்கும் அதே சோதனையைப் புதிய முறையிலும் உங்கள் சேற்றிலேயே ஒருமுறை செய்துவிட்டு, பிசிஆர்-580ஐயும் ஓட்டிவிட்டு, அதன் பிறகு மற்ற அடுக்குகளைத் தொடங்குங்கள். மீதமுள்ள வண்டலை அதுவரை உறைநிலையிலேயே வைத்திருங்கள். உருக்கி மீண்டும் உறையவைப்பதைத் தவிர்க்க, ஒவ்வொரு அடுக்கையும் ஒருமுறைக்குத் தேவையான சிறு பங்குகளாக இப்போதே பிரித்துக்கொள்வது நல்லது.