பிரெஞ்சுச் சமையல் வரலாறும் டிஜிட்டல் ஹியூமானிட்டீசும்: இதையே ஆய்வுப் பணியாக்கிக்கொள்ள வழி என்ன?

புதுவை வாசகி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். புதுச்சேரியில் பிரெஞ்சு இலக்கியத்தில் முதுகலை முடித்துவிட்டு, மூன்று ஆண்டுகளாகப் பிரெஞ்சு மொழி கற்பித்து வருகிறேன். முதுகலை ஆய்வேட்டுக்காக, பிரெஞ்சுச் சமையற்காரர் லா வாரென் எழுதி 1651இல் வெளிவந்த 'லெ குயிஸினியே ஃபிரான்ஸ்வா' என்ற சமையல் நூலைப் பிரான்ஸ் தேசிய நூலகத்தின் காலிகா தளத்தில் படிக்கத் தொடங்கினேன். ஆய்வேடு முடிந்து வெகுநாளாகியும் அந்த நூலைவிட்டு மனம் வெளியே வரவில்லை.

அதற்கு ஒரு காரணம் உண்டு. 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த 'லெ வியாந்தியே' என்ற நூலில், சமையலுக்கு வேண்டிய வாசனைச் சரக்குகளின் பட்டியல் ஒன்று வருகிறது. அதில் 'புவாவ்ர் லோன்' என்ற சொல்லைக் கண்டு அகராதியைப் புரட்டியபோது, அது நம் திப்பிலிதான் என்று தெரிந்து வியந்துபோனேன். அதே பட்டியலில் 'காரிங்கால்' என்று அரத்தையும் இருந்தது. சளி பிடித்தால் பாட்டி கஷாயத்தில் போடும் இரண்டு சரக்குகள், பிரெஞ்சு அரசவைச் சமையலில் குழம்புக்கு மணம் சேர்த்திருக்கின்றன. ஆனால் லா வாரெனிடம் வந்து சேரும்போது இவை இரண்டும் மறைந்துவிடுகின்றன. மிளகும் கிராம்பும் ஜாதிக்காயும் நிற்க, மற்ற இடத்தை வெண்ணெயும் காளானும் கட்டாகக் கட்டிப் போடும் வாசனைத் தழைகளும் பிடித்துக்கொள்கின்றன.

இவை எந்த வரிசையில், எந்த வகைப் பதார்த்தத்திலிருந்து முதலில் விலகின என்பதை, நூற்றுக்கணக்கான குறிப்புகளைக் கணினியின் துணையோடு ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்ல விரும்புகிறேன். இதற்கு வரலாற்றில் முனைவர் பட்டம் செய்ய வேண்டுமா, டிஜிட்டல் ஹியூமானிட்டீசில், அதாவது இலக்கியத்தையும் வரலாற்றையும் கணினியின் துணையோடு ஆராயும் துறையில், இன்னொரு முதுகலை படிக்க வேண்டுமா? எனக்கு நிரல் எழுதத் தெரியாது. வயது 27. இந்தப் பாதையில் போனவர்கள் பிழைப்புக்கு என்ன செய்கிறார்கள் என்பதையும் மறைக்காமல் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

லுவார்க்கரை எழுதியது:

வணக்கம். பிரான்சின் தூர் நகரில் உணவு வரலாற்றில் முனைவர் பட்டம் முடித்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் கேள்வி நல்ல கேள்வி. அது நூலின் பக்கத்திலிருந்து எழுந்திருக்கிறது, கணினிக் கருவியிலிருந்து எழவில்லை. முதலில் ஒரு கருவியைக் கற்றுக்கொண்டு, பிறகு அதற்கு ஏற்ற கேள்வியைத் தேடி அலைந்து சோர்ந்துபோனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பிரான்சில் பல்கலைக்கழக ஆசிரியப் பணிக்கு, தேசியப் பல்கலைக்கழக மன்றத்தின் ஏதேனும் ஒரு பிரிவு உங்களைத் தகுதியுடையவர் என்று ஏற்பது வழக்கமான முதற்படி. அந்தப் பிரிவுகளில் டிஜிட்டல் ஹியூமானிட்டீஸ் என்று ஒன்று கிடையாது. சமையல் வரலாறு என்றும் கிடையாது. 21ஆம் பிரிவு தொன்மை, இடைக்கால வரலாற்றுக்கும், 22ஆம் பிரிவு அதற்குப் பிந்தைய வரலாற்றுக்கும், 9ஆம் பிரிவு பிரெஞ்சு மொழி இலக்கியத்துக்கும் உரியவை. உங்கள் கேள்வியோ 14ஆம் நூற்றாண்டில் தொடங்கி 17ஆம் நூற்றாண்டில் முடிகிறது. அதாவது 21க்கும் 22க்கும் இடையிலுள்ள வேலியின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. அறிவுக்கு அது அழகு. ஆனால் தேர்வுக் குழுவின் முன் அமரும்போது, இடைக்காலக்காரர் உங்களைப் பிற்காலத்தவர் என்பார், பிற்காலத்தவர் உங்களை இடைக்காலத்தவர் என்பார். ஆகவே முனைவர் பட்டப் பதிவுக்கு முன்பே, எந்தக் கரையில் வீடு கட்டுவது என்று முடிவு செய்யுங்கள். பிரெஞ்சு இலக்கியம் படித்து, அச்சு நூல்களில் பழகிய உங்களுக்கு 1500க்குப் பிந்தைய காலமே பொருந்தும் என்பது என் கருத்து. இடைக்காலச் சுவடிகளை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

இந்தத் துறைக்கு எண்ணிக்கை முறை புதிதன்று. பதார்த்தங்களையும் சரக்குகளையும் எண்ணிப் பார்த்து, பிரெஞ்சு நாக்கின் சுவை 17ஆம் நூற்றாண்டில் எப்படித் திரும்பியது என்று காட்டிய ழான்-லூயி ஃப்ளாந்த்ரேன் 2001இல் மறைந்தார். அவருடைய எழுத்துகளை முழுவதும் படிக்காமல் உங்கள் தலைப்பில் ஒரு வரியும் எழுத முடியாது. அவர் கண்ட முடிவையே பெரிய அட்டவணையில் மீண்டும் காட்டுவது ஆய்வாகாது. அவர் எண்ண முடியாமல் விட்டது எது என்று தேட வேண்டும்.

எண்ணிக்கையில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். 'லெ வியாந்தியே' தாய்யெவான் என்றழைக்கப்பட்ட அரசவைச் சமையற்காரர் கியோம் திரெலின் பெயரில் வழங்குகிறது. ஆனால் சுவிட்சர்லாந்தின் சியோன் நகரிலுள்ள அதன் பழைய கையெழுத்துப் படி, அவர் சமையலறைக்குள் காலடி வைப்பதற்கு முன்பே எழுதப்பட்டது. அதே நூல் 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெகுவாக மாறிய வடிவில் அச்சேறி, 16ஆம் நூற்றாண்டிலும் மறுபதிப்பு கண்டது. ஒரு மறுபதிப்பில் திப்பிலி இருக்கிறது என்பதால், அந்த ஆண்டில் யாரோ ஒருவர் திப்பிலி இடித்தார் என்று பொருளாகாது. அச்சகத்தார் பழைய பக்கத்தை அப்படியே மீண்டும் கோத்திருக்கலாம். உங்கள் அட்டவணையில் 'ஆண்டு' என்று ஒரே ஒரு கட்டம் வைத்தால், ஆய்வு அங்கேயே சரிந்துவிடும். குறிப்பு முதலில் தோன்றிய காலம், அந்தப் படியின் காலம், அந்தப் பதிப்பின் காலம் என்று குறைந்தது மூன்று கட்டங்கள் வேண்டும்.

நானே ஒரு தவறு செய்தேன். தேடுவதற்கு எளிதாக இருக்கட்டும் என்று, படியெடுக்கும்போதே பழைய எழுத்துக்கூட்டலை இன்றைய வடிவுக்கு மாற்றிக்கொண்டு போனேன். ஐந்து மாத உழைப்புக்குப் பிறகு, ஒரே நூலுக்குள் எழுத்துக்கூட்டல் மாறும் இடங்கள்தான் குறிப்புகள் வேறு நூலிலிருந்து எடுத்து ஒட்டப்பட்டதற்கான தடயம் என்று புரிந்தது. அந்தத் தடயத்தை என் கையாலேயே அழித்திருந்தேன். முதல் பக்கத்திலிருந்து மீண்டும் தொடங்கினேன்.

தூரில் ஐரோப்பிய உணவு வரலாறு மற்றும் பண்பாட்டு நிறுவனம் நடத்தும் கோடைப் பள்ளிக்கு முனைவர் பட்ட மாணவர்கள் பல நாடுகளிலிருந்து வருகிறார்கள். பதிவு செய்தபின் விண்ணப்பியுங்கள். தூரும் ஆஸ்திரியாவின் கிராட்சும் சேர்ந்து, இடைக்காலச் சமையல் குறிப்புகளை மின்பதிப்பாக்கிய 'கொரேமா' திட்டத்தை இன்றே திறந்து பாருங்கள். நீங்கள் செய்ய நினைப்பதற்கு மிக அருகிலுள்ள முன்மாதிரி அது.

குறியாளர் எழுதியது:

மேலே சொன்னதை ஏற்றுக்கொண்டு, கணினிப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். நான் பேராசிரியன் அல்லன். பாரிசில் ஓர் ஆய்வகத்தில் பொறியாளராக, பழைய நூல்களின் மின்பதிப்புகளில் வேலை செய்கிறேன். பிரான்சில் 'ஆய்வுப் பொறியாளர்' என்று தனியொரு பணிவரிசை இருப்பது நம் ஊரில் பலருக்குத் தெரிவதில்லை. போட்டித் தேர்வு வழியாக நுழையும் நிரந்தர அரசுப் பணி இது. முனைவர் பட்டத்துக்குப் பின் ஆசிரியப் பணி கிடைக்காத பலர் இங்கே வருகிறார்கள். முதலிலேயே இதை விரும்பி வருபவர்களும் உண்டு, நான் அப்படி வந்தவன். ஆனால் நிரந்தரமாவதற்கு முன் ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தங்களில் சில காலம் ஓட வேண்டியிருக்கும். அதை மறைக்கக் கூடாது.

படிப்பு என்று கேட்டால், பாரிசின் தேசியச் சாசனப் பள்ளியான எக்கோல் தே ஷார்த்தில், வரலாற்றுக்கான கணினித் தொழில்நுட்பங்கள் என்ற முதுகலை உள்ளது. நிரல் தெரியாமல் வருபவர்களையும் அங்கே கைபிடித்துக் கற்பிப்பார்கள். அதற்கு முன் வீட்டிலிருந்தே தொடங்க விரும்பினால், 'புரோகிராமிங் ஹிஸ்டோரியன்' தளத்தில் பிரெஞ்சிலேயே இலவசப் பாடங்கள் இருக்கின்றன.

வேலை உண்மையில் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு சிறு உதாரணம். 1651இன் அச்சில் சொல்லின் முதலிலும் நடுவிலும் வரும் எஸ் எழுத்து நீண்டிருக்கும். பார்வைக்கு எஃப் போலவே தோன்றும். கணினி அதை எஃப் என்றே படிக்கும். 'செல்' என்ற உப்பு 'ஃபெல்' ஆகும், 'சோஸ்' என்ற குழம்புச் சாறு 'ஃபோஸ்' ஆகும். திருத்தாமல் எண்ணினால், லா வாரென் உப்பே போடாமல் சமைத்தார் என்று கணினி சொல்லும். எஸ்க்ரிப்டோரியம், டிரான்ஸ்கிரிபஸ் போன்ற, பழைய எழுத்தைப் படிக்கும் கணினிக் கருவிகளுக்குச் சில பத்துப் பக்கங்களைக் கையால் சரியாகப் படியெடுத்துக் கொடுத்துப் பழக்கினால் இந்தப் பிழை பெருமளவு குறைந்துவிடும். அந்தப் பக்கங்களைப் படியெடுக்கும் பொறுமைதான் இந்தத் துறையின் நுழைவுச்சீட்டு.

அடுத்தது குறியிடல், அதாவது நூலின் எந்தப் பகுதி எதைக் குறிக்கிறது என்று கணினிக்குப் புரியும்படி அடையாளமிடுவது. டி.இ.ஐ. என்ற பொது முறை 1987 முதல் வளர்ந்து வருகிறது. அளவுகளைக் குறிக்க அதில் தனிக் குறி உண்டு, ஆனால் சமையல் சரக்குக்கென்று குறி கிடையாது. அதை நீங்கள்தான் வரையறுக்க வேண்டும், ஏன் அப்படி வரையறுத்தீர்கள் என்று எழுதியும் வைக்க வேண்டும். அளவிலும் சிக்கல் உண்டு: பாரிசின் பழைய எடையளவான 'லிவ்ர்' ஏறத்தாழ 489 கிராம், வேறு ஊரில் வேறு எடை. மெட்ரிக் அளவு பிரான்சில் முழுமையாகக் கட்டாயமானது 1840இல்தான். ஆகவே நூலில் உள்ள அளவை அப்படியே வைத்து, கிராமைப் பக்கத்தில் தனியாகப் பதியுங்கள். ஒன்றை நீக்கி மற்றொன்றை வைக்காதீர்கள்.

ஏட்டகம் எழுதியது:

நூலகப் பணியில் இருப்பவன் நான். இருவரும் சொன்னதில் எனக்கு ஒரு மாறுபாடு உண்டு. கருவி, பட்டம் இரண்டுக்கும் முன், படிக்கும் முறையை இந்தத் தோழி பழக வேண்டும். அமெரிக்காவின் பார்பரா வீட்டன், இடைக்காலம் முதல் 1789 வரையிலான பிரெஞ்சுச் சமையலின் வரலாற்றை 1983இல் நூலாக வெளியிட்டவர். அதற்கும் முன்பிருந்தே, படித்த சமையல் நூல்களை எல்லாம் அட்டைகளில் பதிந்துகொண்டே வந்தார். அட்டைகள் கணினிக்கு மாறி, கடைசியில் 'தி சிஃப்டர்' என்ற பெயரில் 2020இல் எல்லாருக்கும் திறந்த தரவுத்தளமாயின. ஒரே நூலைச் சரக்குகளுக்காக ஒருமுறை, பாத்திரம் அடுப்புகளுக்காக ஒருமுறை, உண்ணும் முறைக்காக ஒருமுறை என்று திரும்பத் திரும்பப் படிக்கவே அவர் தம் வகுப்புகளில் கற்பித்தார். கணினி இல்லாமலேயே அது தரவுச் சிந்தனைதான்.

பிரான்ஸ் மட்டுமே வழி என்றும் எண்ண வேண்டாம். பிரெஞ்சு எழுத்தாளர் திதெரோவின் கலைக்களஞ்சியத்தை மின்வடிவில் வைத்திருப்பது சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஆர்ட்ஃபில் திட்டம். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 16ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கைவினைச் சுவடி ஒன்றை மாணவர்களே படியெடுத்து, மொழிபெயர்த்து, அதிலுள்ள செய்முறைகளை ஆய்வகத்தில் செய்தும் பார்த்து, 2020இல் மின்பதிப்பாக வெளியிட்டார்கள். செய்து பார்த்தபோதுதான் சில சொற்களுக்குப் பொருள் விளங்கியது. தோழியும் ஒரு நாள் திப்பிலி இடித்து அந்தக் குழம்பை வைத்துப் பார்க்கட்டும்.

புதுவை வாசகி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. லுவார்க்கரை அக்கா சொன்ன மூன்று கட்டங்களை வைத்து, இந்த வாரம் லா வாரெனின் இருபது குறிப்புகளைக் கையால் படியெடுத்தேன். ஓரிடத்தில் நின்றுவிட்டேன். 'பொத்தாழ்' என்ற சொல்லை 'சூப்' என்று வகைப்படுத்தி வைத்திருந்தேன். ஆனால் 'பொத்தாழ் த சாந்தே' என்ற குறிப்பில் கோழியே முழுதாக வேகிறது, அடியில் ரொட்டி ஊறுகிறது. இதைச் சூப் என்று எழுதினால் பொய்யாகிறது; இறைச்சி உணவு என்று எழுதினால் நூலாசிரியரின் பிரிவு அழிகிறது. எந்தக் கட்டத்தில் போடுவது?

லுவார்க்கரை எழுதியது:

இரண்டிலும் போடுங்கள், ஆனால் இரண்டு தனித்தனிக் கட்டங்களில். ஒன்றில் நூல் தரும் பெயர், நூலின் எழுத்துக்கூட்டலோடு, மாறாமல் இருக்க வேண்டும். மற்றொன்றில் உங்கள் வகைப்பாடு, நீங்கள் முடிவு செய்த தேதியோடு. அது நாளை மாறலாம். 'ஆந்த்ரமே' என்ற சொல்லுக்கும் இதே ஏற்பாடு தேவைப்படும். இடைக்கால விருந்தில் அது இரு பரிமாறலுக்கு இடையே வரும் பண்டத்தையும் காட்சியையும் குறித்தது, இன்றோ இனிப்பைக் குறிக்கிறது.

நீங்கள் நின்றுபோன இந்த இடத்தை, உங்கள் ஆய்வுத் திட்ட வரைவின் முதல் பக்கத்தில் அப்படியே எழுதுங்கள். அந்தக் கோழியோடும் ரொட்டியோடும் எழுதுங்கள். நெறியாளராக யாரை அணுகுவதானாலும், அந்தப் பக்கத்தையும் இருபது குறிப்புகள் அடங்கிய கோப்பையும் சேர்த்து அனுப்புங்கள். வரைவு ஆனதும் எனக்கு இங்கேயே தெரிவியுங்கள். பிரெஞ்சு நடையை நான் பார்த்துத் தருகிறேன்.