புதுத் தொட்டியில் மீன் விட எத்தனை நாள் பொறுக்க வேண்டும்?

வட்டக்கச்சி மீன்காரன்:
கிழமைக்கு ஒருவராவது இதே கேள்வியோடு வருகிறார்கள். கண்ணாடித் தொட்டி வாங்கி, கழுவி, தண்ணீர் நிரப்பி, ஒரு நாள் விட்டு மீன் போட்டாயிற்று, முதல் இரண்டு நாளும் நல்லாத்தான் ஓடித் திரிந்தது, நாலாம் ஐந்தாம் நாள் மேலே வந்து வாயைப் பிளக்கிறது, பிறகு ஒவ்வொன்றாகச் சாகிறது, என்ன மருந்து போடலாம் என்று. இதற்கு மருந்து இல்லை, ஏனென்றால் இது நோயே இல்லை. மீன் கழிப்பதிலிருந்தும் மிஞ்சிய சாப்பாடு அழுகுவதிலிருந்தும் அமோனியா வருகிறது. அதை நைத்திரைற்றாக மாற்ற ஒரு வகைப் பற்றீரியா வேண்டும், அந்த நைத்திரைற்றை நைத்திரேற்றாக மாற்ற இன்னொரு வகை வேண்டும். முதல் இரண்டும் கொஞ்சம் இருந்தாலே நஞ்சு, மூன்றாவதை மீன் ஓரளவு தாங்கும். புதுத் தொட்டியில் இந்தப் பற்றீரியா இல்லை, அது வளர்ந்து நிலைக்கப் பொதுவாக 4 முதல் 6 கிழமை எடுக்கும். அதுவரை பில்டரை ஓடவிட்டு, மீன் இல்லாமலே தினமும் ஒரு சிட்டிகை மீன் சாப்பாடு போடுங்கள், அது அழுகித்தான் பற்றீரியாவுக்குத் தீனி. அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியம் காட்டும்வரை ஒரு மீன்கூட விடக்கூடாது என்பதுதான் என் கருத்து. ஒரு நாள் வைத்தால் போதும் என்று சொல்லி மீனைக் கட்டிக் கொடுக்கும் கடைக்காரர்களில் எனக்கு உண்மையிலேயே கோபம்.

வவுனிக்குளத்தான்:
தம்பி, நீர் சொல்லுறது படிச்ச கதை. என் வீட்டுப் பின்வளவில் சீமெந்துத் தொட்டி இருக்கிறது. பில்டரும் இல்லை, அமோனியா அளந்து பார்க்கிற ரெஸ்ட் கிட்டும் இல்லை. சுண்ணாம்பு போக வாழைக்குற்றி வெட்டிப் போட்டு ஊறவைத்து, இரண்டு மூன்று தரம் தண்ணீர் மாற்றி, பிறகு கிணற்றுத் தண்ணீர் நிரப்பி ஒரு நாள் விட்டுக் கப்பியும் மொலியும் விட்டேன். இன்றைக்குக் குஞ்சு போட்டுப் பெருகி அயலட்டைக்கெல்லாம் கொடுக்கிறேன். குளத்தில் யார் பில்டர் பூட்டினது? ஆறு கிழமை வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிரு என்றால் எந்தப் பிள்ளை இருக்கும்? அவசரமென்றால் குளத்துத் தண்ணீரில் இரண்டு வாளி கொண்டுவந்து ஊற்றுங்கள், உங்கள் பற்றீரியா எல்லாம் அதிலேயே இருக்கிறது.

வட்டக்கச்சி மீன்காரன்:
அண்ணை, உங்கள் தொட்டியில் மீன் நன்றாக இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை, ஆனால் அதற்குக் காரணம் நீங்கள் சொல்வது அல்ல. உங்கள் தொட்டி வெயிலில் இருக்கிறது, தண்ணீர் பச்சை பிடித்திருக்கும், சுவரில் கையை வைத்தால் வழுக்கும். அந்தப் பாசிதான் அமோனியாவை இழுத்துக்கொள்கிறது. தண்ணீரும் அதிகம், தொடக்கத்தில் விட்ட மீனும் கொஞ்சமாக இருந்திருக்கும். விறாந்தையில் ரியூப் லைட்டுக்குக் கீழே இருக்கும் இரண்டடிக் கண்ணாடித் தொட்டியில் 50 லீற்றர்தான் பிடிக்கும், அதற்குள் முதல் நாளே பத்துப் பொன்மீன். பொன்மீன் போலக் கழிக்கிற மீன் வேறு இல்லை.

இன்னொன்றை யாரும் கவனிப்பதில்லை. எங்கள் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் கடினம், கேத்திலைத் திறந்து பாருங்கள், அடியில் வெள்ளைப் படை நகத்தால் சுரண்டினாலும் போகாது. இப்படிப்பட்ட தண்ணீரில் பீஎச், அதாவது தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண், பெரும்பாலும் 7க்கு மேலேதான் நிற்கும். அமோனியா முழுவதும் ஒரே அளவு நஞ்சு இல்லை. 30 பாகை வெப்பத்தில் பீஎச் 7 என்றால் அதில் நூறில் ஒரு பங்கும் நஞ்சு வடிவில் இருக்காது, அதே அமோனியா பீஎச் 8இல் இருந்தால் நூறில் ஏழு பங்கு அளவு நஞ்சு. கொழும்பில் எழுதிய குறிப்பை வாசித்துவிட்டு இந்த அளவு பரவாயில்லை என்று இங்கே இருக்க முடியாது. சூடு கூடினால் தண்ணீரில் ஒட்சிசனும் குறையும். சித்திரை வைகாசியில் தொடங்கும் புதுத் தொட்டிகள் ஏன் இவ்வளவு சாகின்றன என்று இனி நீங்களே யோசியுங்கள்.

குளத்துத் தண்ணீர் பற்றி: இந்தப் பற்றீரியா தண்ணீரில் மிதந்து திரிவது மிகக் குறைவு. பில்டருக்குள் இருக்கும் ஸ்பொன்ஜிலும் கல்லிலும் ஒட்டித்தான் வாழும். இரண்டு வாளியில் வருவது பற்றீரியாவைவிட ஒட்டுண்ணிதான். வயலுக்கு மருந்து அடிக்கிற நாட்களில் வாய்க்கால் தண்ணீர் என்றால் சொல்லவே வேண்டாம்.

செட்டிகுளம் ரீச்சர்:
இரண்டு பேருமே தொட்டி வாங்காத ஆளுக்குத்தான் பதில் சொல்கிறீர்கள். இங்கே வந்து கேட்பவருக்கு மீன் ஏற்கெனவே தொட்டிக்குள் இருக்கிறது. பிறந்தநாளுக்கு மாமா தொட்டியும் மீனும் சேர்த்துக் கொண்டுவந்து வைத்துவிட்டார், பிள்ளை பெயரும் வைத்துவிட்டது, அந்தத் தாயிடம் போய் ஆறு கிழமை பொறுங்கள் என்று தம்பி சொன்னால் அவர் என்ன செய்வார்? பூச்சியம் காட்டும்வரை என்கிறீர்கள், எதில் காட்டும்? இந்தப் பக்கக் கடைகளில் ரெஸ்ட் கிட் கேட்டால் அப்படி ஒன்று இருக்கிறதா என்று திருப்பிக் கேட்கிறார்கள்.

என் பார்வையில் மீனோடேயே தொட்டியைப் பழக்கலாம், கவனமாகச் செய்தால் சாகாது. முதல் மாதம் தினமும் அல்லது ஒன்றுவிட்டு ஒரு நாள் கால்வாசித் தண்ணீர் மாற்றுங்கள், இரண்டடித் தொட்டிக்கு அது ஒரு வாளிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். சாப்பாடு ஒரு நாளைக்கு ஒரு தரம், இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு. ஒரு நாள் போடாமல் விட்டாலும் மீன் சாகாது, கூடப் போட்டால்தான் சாகும். வேலம்பாசி கிடைத்தால் ஒரு கட்டுப் போடுங்கள். இரண்டாவது மூன்றாவது கிழமையில் நைத்திரைற்று ஏறும்போது மீனின் இரத்தம் ஒட்சிசனைக் காவ முடியாமல் போகும், செவுள் சிவப்புப் போய் மண்ணிறம் தட்டும். அப்போது லீற்றருக்கு 1 கிராம் அளவில் ஆனையிறவுக் கல்லுப்பைக் கரைத்து விடுங்கள். உப்பிலுள்ள குளோரைட்டு நைத்திரைற்றைச் செவுளுக்குள் போகவிடாமல் மறிக்கும். கப்பி, மொலி, பொன்மீன் இந்த உப்பைத் தாங்கும்.

வவுனிக்குளத்தான்:
ரீச்சர் சொல்வது நடக்கிற கதை. மருந்தடிக்கிற காலத்தில் வாய்க்கால் தண்ணீர் கூடாது என்று தம்பி சொன்னதும் சரி, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் கண்ட பெரிய பிழை வேறு. ஞாயிற்றுக்கிழமை வந்தால் தொட்டியைக் கவிழ்த்து, கல்லைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, ஸ்பொன்ஜைக் குழாய்க்குக் கீழே வெள்ளையாக வரும்வரை பிழிந்து கழுவுகிறார்கள். பிறகு புதுத் தண்ணீர். கிழமைக்குக் கிழமை புதுத் தொட்டி! நான் அழுக்கை விட்டுவிடுகிறேன், அதனால்தான் என் மீன் இருக்கிறது.

அன்ரி குளோரீன் என்று சொல்லி ஒரு போத்தலை எல்லோர் தலையிலும் கட்டுகிறார்களே, கிணற்றுத் தண்ணீருக்கு அது எதற்கு?

செட்டிகுளம் ரீச்சர்:
அண்ணை, சாதாரண நாளில் தேவையில்லை. ஆனால் 2018 மார்கழி வெள்ளம் போல ஒன்று வந்தால் கிணறுகளை இறைத்துக் குளோரீன் போடுவார்களே, அந்தத் தண்ணீரை அப்படியே தொட்டிக்கு ஊற்றினால் மீனின் செவுளும் வெந்துவிடும், பற்றீரியாவும் போய்விடும். குழாயில் வரும் தண்ணீருக்கும் இதே கதைதான். வாயகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்தால் சாதாரண குளோரீன் போய்விடும், அவசரத்துக்குத்தான் அந்தப் போத்தல். ஆழமான குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் குளோரீன் இல்லாவிட்டாலும் ஒட்சிசன் குறைவாக இருக்கும், அதையும் ஒரு நாள் வைத்துக் காற்றடித்துத்தான் ஊற்ற வேண்டும். ஒரு நாள் வைப்பது தண்ணீருக்குச் சரி, தொட்டிக்குப் போதாது.

வட்டக்கச்சி மீன்காரன்:
ரீச்சரின் கடைசி வரியை எல்லாக் கடையிலும் எழுதி ஒட்ட வேண்டும். மீன் ஏற்கெனவே உள்ளே இருந்தால் நீங்கள் சொன்ன வழிதான், மறுக்கவில்லை. ஆனால் தெரிந்துகொண்டே மீனை வைத்துத் தொட்டி பழக்குவதை நான் ஏற்கமாட்டேன். சாகவில்லை என்பதும் நன்றாக இருக்கிறது என்பதும் வேறு வேறு, செவுள் ஒருமுறை புண்பட்ட மீன் பிறகு சின்ன நோய்க்கும் விழும்.

காத்திருக்க முடியாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. மாதக்கணக்கில் ஓடுகிற, நோயில்லாத தொட்டியிலிருந்து ஊறின ஸ்பொன்ஜ் ஒன்றை வாங்கிப் புதுத் தொட்டியில் போடுங்கள். அந்த அழுக்குத்தான் பற்றீரியா. பாதிக் காத்திருப்புக்கு மேல் குறையும், அப்போதும் முதலில் இரண்டு மூன்று மீனுக்கு மேல் விடாதீர்கள். கரண்ட் நின்றால் மூடின பில்டருக்குள் சில மணித்தியாலத்திலேயே பற்றீரியா ஒட்சிசன் இல்லாமல் சாகத் தொடங்கும், ஆகவே ஸ்பொன்ஜை வெளியே எடுத்துத் தொட்டித் தண்ணீரிலேயே போட்டுவிட்டு, கோப்பையால் தண்ணீரை அள்ளி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருங்கள்.

வவுனிக்குளத்தான்:
ஸ்பொன்ஜ் என்றால் நான் தருகிறேன். என் தொட்டிக்குள் இன்றைக்கே நாலைந்து துண்டு போட்டுவிடுகிறேன், ஒரு மாதம் கழித்து வேண்டியவர்கள் வந்து எடுங்கள், காசு வேண்டாம். ஆறு கிழமைக் கதையை மட்டும் நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

வட்டக்கச்சி மீன்காரன்:
எடுக்க வருபவர்கள் பொலித்தீன் பையில் காய விடாமல், அண்ணையின் தொட்டித் தண்ணீரிலேயே அமிழ்த்தி வாளியில் கொண்டுபோங்கள். வீட்டுக்குப் போனதும் கழுவ வேண்டாம்.