லிவர்பூல் பக்கம் யாராவது இருக்கிறீர்களா? படங்கள் வேண்டும்

வணக்கம் நண்பர்களே. கட்டடக் கலைஞர் கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். தாத்தா, அப்பா, தம்பி எல்லோருக்கும் இதே தொழில். 1903இல் லிவர்பூல் பேராலயப் போட்டியில் ஜெயித்தபோது இவருக்கு 22 வயதுதான்! அப்புறம் 1910இல், வேலை நடக்கும்போதே, தன் இரட்டைக் கோபுரத் திட்டத்தைக் கைவிட்டு ஒற்றைக் கோபுரமாக மாற்றி வரைந்தார். என்ன துணிச்சல்! 1960இல் இறந்தார், பேராலயம் முடிந்தது 1978இல். (லண்டனின் சிவப்பு டெலிபோன் கூண்டும் இவர் வடிவமைத்ததே.)

முதலில் கட்டிய மாதா சிற்றாலயத்தில் செதுக்கல் வேலை நிறைய. பின்னால் எழுந்த பெரிய கூடத்தில் சுவர்கள் வெறுமையாக உயர்கின்றன. இந்த மாற்றம் தெரியும்படி, செங்கல் நிற மணற்கல்லை நெருக்கத்தில் எடுத்த படங்கள் இருந்தால் தயவுசெய்து பகிருங்கள். எடுத்தவர் பெயரோடுதான் பயன்படுத்துவேன்.