இலங்கையின் பாதுகாப்புச் செலவு 442 பில்லியன் ரூபாய்: இந்தக் கணக்கை எப்படி வாசிப்பது?

கொக்குவில் கரன்:
தங்கச்சி உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் படிக்கிறாள். நேற்று இரவு புட்டைப் பிசைந்துகொண்டே கேட்டாள்: "அண்ணா, யுத்தம் 2009இல் முடிந்துவிட்டது, 2025க்கும் பாதுகாப்புக்கு 442 பில்லியன் ஒதுக்கியிருக்கிறார்கள், அப்படி என்னத்தைத்தான் வாங்குகிறார்கள்?" ஆயுதம், கப்பல், விமானம் என்று ஏதோ சொல்லி வைத்தேன். பிறகு கல்குலேட்டரில் தட்டிப் பார்த்தால் ஒரு நாளைக்கு 121 கோடி ரூபாய் வருகிறது. அவ்வளவுக்கும் ஆயுதம் வாங்கினால் வைக்க இடம் காணாதே. இந்தத் தொகையை யார், எப்படித் தீர்மானிக்கிறார்கள்? கச்சேரிப் (மாவட்டச் செயலகம்) பக்கம் வேலை செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அரசியல் சண்டை வேண்டாம், அது வீட்டிலேயே நடக்கிறது.

பழைய சிறாப்பர்:
தம்பி, நான் படைப் பக்கம் வேலை செய்தவன் இல்லை, அரச கணக்குக் கிளையில் முப்பது வருடம் குப்பை கொட்டியவன். ஆனால் பாதுகாப்பு அமைச்சு என்றாலும் கமநல சேவை என்றாலும் திறைசேரியின் அச்சு ஒன்றுதான்.

வருட நடுப்பகுதியில், அடுத்த வருடத்துக்கு என்ன வேண்டும் என்று கேட்டுத் திறைசேரியிலிருந்து சுற்றுநிருபம் வரும். தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றும் தங்கள் கணக்கை அமைச்சுக்குக் கொடுக்க, அமைச்சு திறைசேரியோடு பேரம் பேசும். கேட்டது முழுக்கக் கிடைக்காது என்று கேட்பவருக்கும் தெரியும், கூட்டித்தான் கேட்பார்கள் என்று கொடுப்பவருக்கும் தெரியும், எங்கள் ஊர்ச் சீதனப் பேச்சு மாதிரித்தான். இப்போது நிதி அமைச்சரும் பாதுகாப்பு அமைச்சரும் ஜனாதிபதி ஒருவரே என்பதால் மாப்பிள்ளை வீடும் பெண் வீடும் ஒன்றாகிவிட்டது, அது வேறு கதை.

அதன்பிறகு ஒதுக்கீட்டுச் சட்டமூலம், வரவு செலவுத் திட்ட உரை, இரண்டாம் வாசிப்பு, குழுநிலை விவாதம், மூன்றாம் வாசிப்பு. வழமையாக இதெல்லாம் டிசம்பருக்குள் முடிந்துவிடும். 2024 நவம்பரில் பொதுத் தேர்தல் வந்ததால் 2025ஆம் ஆண்டுக்கான உரை பெப்ரவரி 17இல்தான் நடந்தது. வருடத்தின் முதல் நான்கு மாதங்களை இடைக்காலக் கணக்கறிக்கையை, அதாவது முழுத் திட்டம் நிறைவேறும்வரை செலவுக்குப் பாராளுமன்றம் கொடுக்கிற தற்காலிக அனுமதியை, வைத்து ஓட்டினார்கள்.

இனி தங்கச்சியின் கேள்வி. ஒவ்வொரு அமைச்சுக்கும் எதற்கு எவ்வளவு என்று காட்டுகிற வரவு செலவு மதிப்பீட்டுப் புத்தகம் தமிழிலும் இருக்கிறது, திறைசேரியின் இணையத்தளத்தில் எடுக்கலாம். தலைப்பு 222 தரைப்படை, 223 கடற்படை, 224 விமானப்படை. மொத்தத் தொகையைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடாமல் உள்ளே போகச் சொல்லுங்கள். மீண்டுவரும் செலவு ஒரு பக்கம், மூலதனச் செலவு மறுபக்கம். நூற்றுக்கு எண்பதுக்கு மேல் மீண்டுவரும் செலவுதான். சம்பளம், படி, எரிபொருள், மின்சாரம், அப்புறம் 1203 என்ற இலக்கத்தில் உணவும் சீருடையும். அவள் நினைக்கிற கப்பலும் விமானமும் மற்றப் பக்கத்தில், சின்னத் துண்டில்தான் வரும். இது ஆயுதக் கடைப் பில் இல்லை, பெரிய சமையலறையின் பில்.

சுன்னாகம் சந்தை:
சிறாப்பர் ஐயா சமையலறை என்றதும் என் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு முகாமுக்கு மரக்கறி கொடுக்கும் கேள்விப்பத்திரம் (ரெண்டர்) எனக்குக் கிடைத்தது. விடிய நாலரைக்குச் சந்தையில் கத்தரிக்காய், பூசணிக்காய், வெங்காயம் எல்லாம் ஏற்றி, ஆறு மணிக்கு வாசலில் லொறியை நிறுத்த வேண்டும். அங்கே தராசில் ஒவ்வொரு சாக்காக வைத்து, அழுகலைப் பிரித்து, மிச்ச நிறைக்குத்தான் கையெழுத்து வைப்பார்கள். ஒருநாள் 40 கிலோ தக்காளியில் 6 கிலோவைத் திருப்பிவிட்டார்கள். அது பரவாயில்லை, அவர்கள் பிழை சொல்ல முடியாது. ஒக்டோபரில் கொடுத்த சாமானுக்குக் காசு மார்ச்சில் வந்ததுதான் கொடுமை. போய்க் கேட்டால் "ஒதுக்கீடு இருக்கிறது, கட்டுநிதி வரவில்லை" என்றார்கள். இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்துக்கொண்டிருந்த முட்டாள் நான். தோட்டக்காரருக்கு அதே நாள் காசு கொடுக்க வேண்டும், மனிசியின் இரண்டு காப்பும் அடகுக்குப் போனது.

பழைய சிறாப்பர்:
சந்தைக்காரத் தம்பி, அந்த இரண்டு சொல்லும்தான் முழுக் கதையும். ஒதுக்கீடு என்பது "இவ்வளவு வரை செலவழிக்கலாம்" என்று பாராளுமன்றம் கொடுக்கிற அனுமதி. கட்டுநிதி என்பது திறைசேரி மாதாமாதம் கையில் விடுகிற உண்மையான காசு. வரி வருமானம் குறைந்தால் முதலில் இறுகுவது இந்தக் குழாய்தான். சம்பளத்தை நிறுத்த முடியாது, ஆகவே காத்திருப்பது உங்களைப் போன்றவர்களின் பில். அதோடு, டிசம்பர் 31 தாண்டினால் செலவழியாத ஒதுக்கீடு காலாவதி. அதனால்தான் எந்த அலுவலகத்திலும் கார்த்திகை, மார்கழியில் திடீரென்று பெயின்ற் அடிப்பார்கள். மிச்சத்தை வேறு இலக்கத்துக்கு மாற்ற நிதிப் பிரமாணம் 66 என்ற அரச நிதி விதி இருக்கிறது, ஆனால் நினைத்தபடி மாற்ற விடமாட்டார்கள்.

பலாலி றோட்:
எல்லாம் சரி ஐயா, ஆனால் சமையலறை என்று சொல்லிச் சின்னதாக்கிவிட வேண்டாம். சமையலறை ஏன் இவ்வளவு பெரிது என்பதல்லவா கேள்வி? 2023 ஜனவரியில் அரசாங்கமே சொன்ன கணக்கு: தரைப்படைக்கு அனுமதிக்கப்பட்ட ஆளணி 200,783, அதை 2024க்குள் 135,000 ஆகவும் 2030க்குள் 100,000 ஆகவும் குறைப்போம் என்று. ஆளைக் குறைக்காமல் இந்தப் பில் குறையாது.

இலவசமாக வருகிற சாமானையும் கவனியுங்கள். கடற்படையின் கஜபாகுவும் விஜயபாகுவும் அமெரிக்கக் கரையோரக் காவல்படை பாவித்துவிட்டுக் கொடுத்த கப்பல்கள். வாங்கிய விலை என்று புத்தகத்தில் பெரிதாக ஒன்றும் வராது. ஆனால் எரிபொருளும் மாலுமிகளும் உதிரிப்பாகமும் வருடாவருடம் மீண்டுவரும் செலவில் ஏறும். யானையைச் சும்மா தந்தாலும் தீனி நாங்கள்தானே போட வேண்டும். விமானப்படையின் கிபீர் போர் விமானமும் அப்படித்தான்: 1990களில் இஸ்ரேலிடம் வாங்கியது, 2021இல் ஐந்தைத் திருத்த மட்டும் 50 மில்லியன் டொலருக்கு ஒப்பந்தம்.

கொக்குவில் கரன்:
எல்லோருக்கும் நன்றி. ஒரு குழப்பம் மட்டும். 2023க்கு 539 பில்லியன் என்று ஒரு செய்தியில் பார்த்தேன். அப்படியென்றால் 2025இல் குறைத்துவிட்டார்களா?

பழைய சிறாப்பர்:
இல்லை, அது பத்திரிகைக்காரர் செய்த கூட்டல். பாதுகாப்பு அமைச்சுக்கு 410, பொலிஸ் அடங்கிய பொதுமக்கள் பாதுகாப்பு அமைச்சுக்கு 129, இரண்டையும் சேர்த்துத்தான் 539. பொலிஸ் எந்த அமைச்சின் கீழ் இருக்கிறது என்பது ஆட்சிக்கு ஆட்சி மாறும், அதைப் பார்க்காமல் வருடத்தோடு வருடத்தை ஒப்பிட்டால் பிழைக்கும்.

ஓய்வூதியமும் அப்படித்தான். இங்கே படையினரின் ஓய்வூதியம் ஓய்வூதியத் திணைக்களத்தின் தலைப்பில் போகிறது. இந்தியாவில் அதையும் பாதுகாப்புத் தொகைக்குள்ளேயே காட்டுகிறார்கள், 2025-26இல் 6.81 இலட்சம் கோடி இந்திய ரூபாயில் 1.61 இலட்சம் கோடி ஓய்வூதியம். இரண்டு நாட்டையும் பக்கத்தில் வைத்துக் கட்டுரை எழுதச் சொன்னால் தங்கச்சி முதலில் அந்த வரியைச் சரிசெய்யட்டும்.

புத்தகத்தில் மதிப்பீட்டோடு முன்னைய வருடத்தின் உண்மைச் செலவும் பக்கத்து நிரலில் இருக்கும். 222க்குப் போய் 1203இன் வரியை மட்டும் கொப்பியில் எழுதி வரச் சொல்லுங்கள், மிச்சத்தைப் பிறகு பார்ப்போம்.

சுன்னாகம் சந்தை:
அந்த வரியில் என் 34 கிலோ தக்காளியும் இருக்கும் தங்கச்சி.