நிலத்துக்குள் குழாய் விட்ட ஹீட் பம்பை நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

கல்லடிக்காரன்:
போன தை மாதம் சுவிஸில், பேர்னில் மகள் வீட்டில் நின்றேன். வெளியே மைனஸ் 8, உள்ளே வெறுங்காலோடு நடக்கிறேன், தரை வெதுவெதுப்பு. ஹீட் பம்பின் வேலைதான். வேர்மபும்பே என்று அங்கே நம்ம ஆக்களும் ஜெர்மன் பெயரில்தான் அதைச் சொல்கிறார்கள். மருமகன் நிலவறைக்குக் கூட்டிப்போய்ப் பெட்டியைக் காட்டினார். 150 மீற்றர் ஆழம் போய்த் திரும்புகிற குழாயைத் தொட்டேன், ஐஸ் மாதிரி. மானியில் 5 பாகை. பக்கத்தில் தரைக்குப் போகிற குழாய் 35. "5 பாகையிலிருந்து எப்படித் தம்பி சூடு வரும்?" என்று கேட்டுவிட்டேன். "மாமா, ஃபிரிஜுக்குப் பின்பக்கம் தொட்டுப் பார்த்ததில்லையா?" என்றார். நான் 22 வருசமாக ஃபிரிஜ் திருத்துகிறவன். ஃபிரிஜ் உள்ளே இருக்கிற சூட்டை இழுத்துப் பின்பக்கம் கொட்டுகிற மாதிரி, இது நிலத்துச் சூட்டை இழுத்து வீட்டுக்குள் கொட்டுகிறது. அன்றிரவு நித்திரை இல்லை.

ஒரு யூனிற் கரண்டுக்கு நாலு யூனிற் சூடு வருகிறதாம். கம்பி ஹீட்டர் ஒன்றுக்கு ஒன்றுதான்.

அம்பாறை லொறி:
இதில் என்ன புதுசு, மகா ஓயா வெந்நீர்க் கிணறு நம்ம மாவட்டத்தில்தானே இருக்கு. ஒருமுறை நெல் ஏற்றிப் போனபோது முட்டையைத் துணியில் முடிந்து இறக்கினேன். அரை மணி கழித்து உடைத்தால் வெள்ளைக்கரு சளி மாதிரி கையில் ஒழுகுது, பக்கத்தில் நின்ற சின்னப் பிள்ளைகள் சிரித்த சிரிப்பு! அந்தச் சூட்டுக்குக் குழாய் போட்டால் பம்பும் வேண்டாம், பெட்டியும் வேண்டாம்.

ஆரையம்பதி:
லொறி அண்ணே, இரண்டும் ஒன்றில்லை. அது ஊற்று, சூடு தானாக மேலே வருது. இவர் சொல்வதற்கு நிலம் சூடாக இருக்கவே தேவையில்லை. புதுசும் இல்லை, ஹைன்ரிஷ் சோலி என்ற சுவிஸ்காரர் 1912 இலேயே காப்புரிமை எடுத்துவிட்டார். கொஞ்சம் கீழே போனால் நிலம் அந்த ஊரின் வருடச் சராசரிச் சூட்டிலேயே நிற்கும், அங்கே 10 பாகை அளவில், நமக்கு 28. மார்கழி விடியலில் கிணற்றுத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கிறதே, தண்ணீர் மாறவில்லை, காற்றுத்தான் குளிர்ந்தது.

இதை நம்பித்தான் நான் கெட்டேன். சித்திரை வெயிலில் பழைய லொறி ரேடியேட்டர் ஒன்றைச் சன்னலில் கட்டி, கிணற்றுத் தண்ணீரை அதற்குள் ஓடவிட்டு, பின்னால் ஃபேன் வைத்தேன். அறை 34 இலிருந்து 31க்கு வந்தது. ஆனால் பாயில் படுத்தால் முதுகு ஒட்டுது. நம்ம காற்றின் ஈரம் 25க்குக் கீழே குளிர்ந்தால்தான் சொட்டும், 28 பாகைத் தண்ணீருக்கு அது அசையாது. மனைவி ஒரு வார்த்தை சொல்லாமல் தலையணையை எடுத்துக்கொண்டு விறாந்தைக்குப் போனதுதான் இன்னும் கண்ணுக்குள் நிற்குது.

கல்முனை வயர்மேன்:
எனக்கும் ஒருவர் வளவுக்குள் குழாய் தாட்டு ஏசி போடச் சொன்னார், நான் மாட்டேன் என்றேன், அவருக்குக் கோபம், அவ்வளவுதான். ஏன் மாட்டேன் என்றால், அங்கே பனிக்காலம் நிலத்திலிருந்து சூட்டை எடுக்கும், கோடையில் நிலம் அதைத் திரும்பப் பிடிக்கும். இங்கே 12 மாதமும் அறைச் சூட்டை நிலத்துக்குள் கொட்டிக்கொண்டே இருந்தால் குழாயைச் சுற்றி மண் காய்ந்து சூடேறிப்போகும், குழாய்க்குத் துளை போடுகிற காசும் திரும்பாது. அந்தக் காசில் முதலில் கூரையைப் பாருங்கள். தகரத்துக்கும் சீலிங்குக்கும் நடுவே காற்றுப் போக வழி விடுங்கள், கச்சான் காற்று அடிக்கிற மேற்குச் சுவரில் நிழல் விழட்டும், அப்புறம் இன்வெர்ட்டர் ஏசி, 26இல் வையுங்கள், 18இல் வைத்தால் சீக்கிரம் குளிராது. கடலோரம் என்றால் வெளி யூனிற்றின் அலுமினியச் சுருளை மாதம் ஒருக்கால் நல்ல தண்ணீரால் கழுவுங்கள், உப்பில் பொரிந்துவிடும். சுவரில் வெந்நீர் ரேடியேட்டர் வைத்த பழைய வீட்டுக்கு 55 பாகை வேண்டும் என்றால் சுவிஸிலும் அந்த நாலு யூனிற் வராது, தரைக்கு 35 போதும் என்பதால்தான் வருது.

கல்லடிக்காரன்:
ஏசி பற்றி நான் கேட்கவே இல்லை தம்பி! சரி, சுருள் கழுவுகிறது நல்ல விஷயம்தான். நேற்று கடைக்கு வந்த ஃபிரிஜ் ஒன்றைத் திருப்பிவிட்டு, பின்பக்கக் கம்பியில் கையை வைத்தபடியே நின்றிருக்கிறேன். வேலைக்கு நிற்கிற பொடியன் பார்த்துவிட்டு, "என்ன ஐயா, கேஸ் லீக்கா?" என்று கேட்கிறான்.