மறு: காபியில் ‘எக்ஸ்ட்ராக்‌ஷன்’: இறக்கம் என்று சொல்லலாமா?

குழுமத்தாருக்கு வணக்கம்.

வீட்டுக் காபிக்கான சொற்பட்டியல் இழை எக்ஸ்ட்ராக்‌ஷன் என்ற ஒரே சொல்லில் வந்து நின்றுவிட்டது. நின்றதில் எனக்குக் குறையில்லை. காபி நன்றாக அமைந்ததா இல்லையா என்பதைத் தீர்மானிப்பதே இந்தச் சொல் குறிக்கும் செயல்தான். இதற்கு ஒரு நல்ல பெயர் கிடைத்துவிட்டால் மற்றவை தானாக வரிசையில் வரும். காபியா, காப்பியா, குளம்பியா என்ற பழைய வழக்கை மட்டும் இங்கே மறுபடி திறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் பொருள். பொடியில் உள்ள சுவைப்பொருள்கள் நீரில் கரைந்து வெளியே வருவதுதான் எக்ஸ்ட்ராக்‌ஷன். வறுத்து அரைத்த காபித்தூளில் நீரில் கரையக்கூடியது சுமார் 30 சதவீதம்தான், மீதி சக்கை. அந்த 30-ஐயும் கறந்துவிட்டால் வாயில் வைக்க முடியாது. 1950களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் எர்னஸ்ட் லாக்ஹார்ட் என்ற ஆராய்ச்சியாளர் இதை ஆராய்ந்து ஒரு வரைபடம் போட்டார். தூளின் எடையில் 18 முதல் 22 சதவீதம் வரை நீருக்குப் போனால் சுவை சரியாக இருக்கும் என்பது அதன் சாரம். உலகம் முழுக்கக் காபிக்காரர்கள் இன்றும் பேசும் எண் அதுதான். எல்லாம் ஒரே நேரத்தில் கரைவதில்லை என்பது இதில் முக்கியம். புளிப்பு முந்திக்கொள்ளும், அப்புறம் இனிப்பு, கடைசியில் கசப்பும் துவர்ப்பும். எங்கே நிறுத்துகிறோம் என்பதில்தான் கைப்பக்குவம் இருக்கிறது. இதைச் சொல்லத்தான் நமக்குச் சொல் வேண்டும்.

இதுவரை வந்த பரிந்துரைகளைப் பார்க்கிறேன். ‘பிரித்தெடுத்தல்’ பாடநூல்களில் இருப்பது. தாதுவிலிருந்து உலோகத்தை எடுப்பதற்குப் பொருத்தமானது. ஆனால் ‘மிகைப் பிரித்தெடுத்தல் நேர்ந்துவிட்டது’ என்று அடுப்படியில் யாரும் சொல்லப்போவதில்லை. ‘பிழிவு’ சின்னதாக, அழகாக இருக்கிறது. அதன் மேல் எனக்குள்ள வருத்தம் வேறு: அது கையைத் தப்பாகப் பழக்கும். நம் பில்டரில் எதையும் பிழிவதில்லை. பொடியின் மேல் தட்டை வைத்து அழுத்தி அழுத்தி அமுக்குகிறவர்கள் வீட்டில்தான் காலையில் டிகாஷன் இறங்காமல் நிற்கிறது. புதிதாகக் கற்றுக்கொள்கிற ஒரு பெண்ணிடம் ‘பிழிவு’ என்று சொன்னால் அவள் அமுக்கத்தான் செய்வாள். எஸ்பிரெசோ இயந்திரத்தில் ஒன்பது வளிமண்டல அழுத்தம் கொடுக்கிறார்கள். அங்கே வேண்டுமானால் பிழிவு நியாயமான சொல். நம் பித்தளை பில்டரில் வேலை செய்வது புவியீர்ப்பும் பொறுமையும்தான்.

என் பரிந்துரை ‘இறக்கம்’. விரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘சாறிறக்கம்’.

காரணம், இந்த வினை ஏற்கெனவே நம் வாயில் இருக்கிறது. பனையிலிருந்து பதநீர் இறக்குகிறோம், கள் இறக்குகிறோம். மரத்துக்குள் இருப்பதை வெளியே கொண்டுவருவதற்கு ஆயிரம் பனையேறிகள் சொன்ன சொல் அது. ஊறுகாயில் ‘உப்பு இறங்கிடுச்சா’ என்று கேட்கிறோம். கொதிக்கும் நீரில் இஞ்சியைத் தட்டிப் போட்டு ‘அதோட சாறு இறங்கட்டும்’ என்கிறோம். ஒன்றிலுள்ள சத்து இன்னொன்றுக்குள் போவதற்கு வீட்டுத் தமிழ் வைத்திருக்கும் வினை இறங்கு என்பதுதான்.

இதற்கு மும்பை மாட்டுங்காவிலிருந்து எழுதிய ஐயா எழுப்பிய மறுப்பு, இந்த இழையிலேயே வந்த மிகக் கூர்மையான மறுப்பு. ‘டிகாஷன் இறங்குது’ என்றால் நாம் சொல்வது நீர் கீழ்ப் பாத்திரத்தில் சொட்டுவதை. பொடியிலிருந்து சத்து நீருக்குப் போவது வேறு, அந்த நீர் துளை வழியாகக் கீழே விழுவது வேறு. ஒரே சொல்லால் இரண்டையும் சொன்னால் குழப்பம்தானே என்கிறார்.

முழுக்கச் சரி. ஆனால் அந்தக் குழப்பம் சொல்லைக் கைவிடக் காரணமாகாது, இரண்டாவது சொல் ஒன்றைக் கேட்கிறது, அவ்வளவுதான். சொட்டுவதற்கு ‘வடிதல்’ என்று வைத்துக்கொள்ளலாம். சோறு வடிக்கிற சொல், யாருக்கும் விளக்க வேண்டாம். சாறு இறங்குவது பொடிக்கும் நீருக்கும் நடுவில் நடப்பது. வடிவது மேல் பாத்திரத்துக்கும் கீழ்ப் பாத்திரத்துக்கும் நடுவில் நடப்பது.

இந்தப் பிரிவினை வந்ததும் இரண்டாம் டிகாஷன் விளங்கிவிடுகிறது. 30 கிராம் பொடிக்கு 150 மில்லி நீர் ஊற்றுகிறோம் என்று வையுங்கள். காபிப்பொடி தன் எடையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு நீரைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். அதாவது 60 மில்லி மேலேயே தங்கும். வடிவது 90 மில்லி. தங்கிவிட்ட அந்த 60-லும் சாறு இறங்கியிருக்கிறது, வடியவில்லை. இரண்டாவது முறை வெந்நீர் ஊற்றும்போது முதலில் வெளியே வருவது அது. அதனால்தான் இரண்டாம் டிகாஷன் முழுக்க வீண் இல்லை, கொஞ்சம் கலந்தால் நன்றாகவே இருக்கிறது. மறுபடியும் மறுபடியும் ஊற்றினால்தான் பொடியில் மிஞ்சியிருக்கும் கசப்பும் துவர்ப்பும் கிளம்பி வருகின்றன. இறக்கம், வடிதல் என்ற இரண்டு சொல்லும் கையில் இல்லாமல் இதை எப்படிச் சொல்வது? சொல்லிப் பாருங்கள், ஒவ்வொரு வாக்கியத்திலும் தடுக்கும்.

அப்புறம் இன்னொரு சிக்கல், இது ஐயா கேட்டதைவிடப் பெரியது. நாம் ‘ஸ்ட்ராங்’ என்றும் ‘திக்’ என்றும் சொல்வது இறக்கத்தையா? இல்லை. அது செறிவு. வேதியியல் பாடத்தில் பழகிய அதே சொல்லை அப்படியே வைத்துக்கொள்ளலாம். நிறையப் பொடி போட்டு, கொஞ்சம் நீர் ஊற்றி, சீக்கிரம் வடித்துவிட்டால் டிகாஷன் கள்ளிச்சொட்டாக இருக்கும், ஆனால் இறக்கம் குறைவாக இருக்கும். கருப்பாகவும் இருக்கும், நாக்கில் புளிப்பும் தட்டும். பலர் அந்த நேரத்தில் இன்னும் ஒரு கரண்டி பொடி சேர்க்கிறார்கள். அது செறிவைக் கூட்டும், குறையைத் தீர்க்காது. அதற்கு மருந்து பொடியை அரைக்கும் பதத்தில் இருக்கிறது, வெந்நீரின் சூட்டில் இருக்கிறது.

ஆகவே குறையிறக்கம், மிகையிறக்கம் என்று இரண்டு. குறையிறக்கத்தில் புளிப்பு முன்னால் வரும், பின்னால் ஒன்றும் வராது. மிகையிறக்கத்தில் கசப்போடு நாக்கை இழுக்கும் துவர்ப்பு. அறுசுவையில் துவர்ப்புக்குத் தனி இடம் கொடுத்த மொழி நம்முடையது. வாழைப்பூ, கடுக்காய் என்று தின்று பழகிய நமக்குக் கசப்பையும் துவர்ப்பையும் பிரித்தறிவது கடினமில்லை. வெறும் கசப்பு என்றால் ரொபஸ்டா வகைக் கொட்டை காரணமாக இருக்கலாம்; அதில் காபீன் அரபிகா வகையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. நன்றாகக் கறுக்க வறுத்ததும் காரணமாக இருக்கலாம். கசப்போடு துவர்ப்பும் சேர்ந்தால் முதலில் இறக்கத்தைச் சந்தேகியுங்கள்.

நிறத்தை வைத்து முடிவு செய்யவே கூடாது, முக்கியமாகச் சிக்கரி கலந்த பொடியில். சிக்கரி என்பது வறுத்த வேர். காபீன் துளியும் இல்லை, காபியைவிட அதிகமாக நீரில் கரையும், நல்ல கருப்பு கொடுக்கும். டிகாஷன் கன்னங்கரேல் என்று இருப்பதாலேயே காபியின் சாறு இறங்கிவிட்டது என்று சொல்ல முடியாது. சட்டப்படி சிக்கரிக் கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, விகிதத்தைப் பாக்கெட்டில் அச்சிட்டிருக்க வேண்டும். வாங்கும்போது அந்த எழுத்தைத் தேடிப் படியுங்கள். எனக்கு 80-க்கு 20 பிடிக்கும். 60-க்கு 40 வாங்குகிறவர்களுக்கு இறக்கம் பற்றிய பேச்சில் பாதி பொருந்தாது.

டெல்லி கரோல் பாகிலிருந்து எழுதிய அம்மா, ‘சாறு’ என்பது பச்சைப் பொருளைப் பிழிந்து வருவது, வறுத்த பொடியில் சாறு ஏது, ‘சாரம்’ என்றல்லவா இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். சாரம் என்றால் கட்டடத்துக்குக் கட்டும் சாரமும் நினைவுக்கு வரும், ஆனால் அதற்காக நான் மறுக்கவில்லை. இங்கே பெங்களூரில் கன்னடக்காரர்கள் நம் ரசத்தைச் சாறு என்கிறார்கள். வைணவர் வீட்டுச் சாற்றமுதும் அதே சொல்தான். மிளகும் சீரகமும் உலர்ந்த பொருள்கள், அவற்றின் குணம் ஏறிய நீர் சாறு. அந்த வழக்கே நமக்குப் போதும்.

அரைப்பின் அளவுக்குப் ‘பருமன்’ வேண்டாம், ‘பதம்’ இருக்கட்டும். கன்னடத்திலும் இதே பொருளில் ‘ஹத’ என்கிறார்கள். மல்லேஸ்வரத்தில் கடையில் நின்று பொடி அரைத்து வாங்குகிற தமிழர் யாருக்கும் இந்தச் சொல் அந்நியமாகப் படாது. பில்டர் பதம், ரவைப் பதம், நைஸ் என்று சொன்னால் கடைக்காரருக்கே புரியும். பதம் நைஸாக ஆக இறக்கம் கூடும், வடிதல் தாமதமாகும். இந்த ஒரு வாக்கியம் புரிந்தவருக்குப் பாதிக் காபி கைவந்துவிட்டது.

நம் சொற்கள் நிற்கின்றனவா என்று பார்க்க ஒரு செய்முறையை அவற்றைக் கொண்டே எழுதிப் பார்க்கிறேன். ‘அண்மையில் வறுத்த பொடி 30 கிராம், பில்டர் பதம். மேல் பாத்திரத்தில் போட்டு, மெதுவாகத் தட்டிச் சமப்படுத்தி, தட்டை அமுக்காமல் வைக்கவும். முதலில் கொஞ்சம் வெந்நீர் ஊற்றிப் பொடி நனையவிட்டு, அரை நிமிடம் கழித்து மீதியை ஊற்றவும். மொத்தம் 150 மில்லி. 15 முதல் 20 நிமிடத்தில் வடிந்தால் சரி. ஐந்து நிமிடத்தில் வடிந்துவிட்டால் குறையிறக்கம்; அடுத்த முறை பதத்தை நைஸாக்கவும். ஒரு மணி நேரமாகியும் சொட்டிக்கொண்டிருந்தால் பதம் மிக நைஸ், அல்லது தட்டை அமுக்கியிருக்கிறீர்கள்.’ படிக்கும்போது எனக்கு எங்கும் இடறவில்லை. இடறுகிற இடம் தெரிந்தால் எழுதுங்கள்.

சூட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை, மூன்று ஊர்க்காரர்கள் இந்த இழையில் இருப்பதால். காபிக்கு 90 முதல் 96 டிகிரி வெந்நீர் நல்லது என்பார்கள். பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே நீர் 97 டிகிரியிலேயே கொதிக்கிறது. அடுப்பிலிருந்து எடுத்து உடனே ஊற்றலாம். மும்பையில் 100, டெல்லியில் அதற்கு மிக நெருக்கம். அங்கே கொதி அடங்கும்வரை கொஞ்சம் காத்திருப்பது நல்லது. வித்தியாசம் சின்னதுதான், ஆனால் கறுக்க வறுத்த கொட்டை எளிதில் சாற்றை விட்டுவிடும் என்பதால் அதில் நாக்குக்குத் தெரியும்.

வறுப்பு என்றதும் ஓர் எச்சரிக்கை. வறுப்பின் அளவுக்கு இளவறுப்பு, நடுவறுப்பு என்று இழையில் பட்டியலிட்டு வந்த ஒருவர் மூன்றாவதாகக் ‘கருவறுப்பு’ என்று எழுதியிருந்தார். கருவறுத்தல் என்றால் வேரோடு அழித்தல். அதைக் காபிப் பொட்டலத்தில் போட முடியாது. இளமைக்கு எதிராக முதுமை இருக்கிறதே: ‘முதுவறுப்பு’ என்று வைக்கலாம்.

பீபெரிக்குப் புதுச்சொல் தேடவே வேண்டாம் என்பது என் கருத்து. பழத்துக்குள் இரண்டுக்குப் பதிலாக ஒரே கொட்டை உருண்டையாக விளைவது பீபெரி. கடைப்பலகையில் அப்படியே எழுதியிருக்கிறது. ‘பிளான்டேஷன் ஏ’ மட்டும் விளக்கம் கேட்கிறது. தோட்டத்திலிருந்து நேராக வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். இந்தியக் காபி வணிகத்தில் பிளான்டேஷன் என்றால் பழத்தின் தோல் நீக்கிக் கழுவிப் பதப்படுத்திய அரபிகா; ‘ஏ’ கொட்டையின் அளவு. பழத்தோடு அப்படியே உலர்த்தியது செர்ரி. பட்டியலில் சொல்லை மாற்றாமல் இந்த விளக்கத்தை மட்டும் சேர்ப்போம்.

‘டிகாஷன்’ அப்படியே இருக்கட்டும். தமிழில்தான் எழுத வேண்டும் என்பவர்கள் ‘வடிநீர்’ எழுதலாம், வடிதலோடும் பொருந்துகிறது. ‘கஷாயம்’ மட்டும் வேண்டாம்; அது கொதிக்கவைத்துச் சுண்டச் செய்வது, காபியில் நாம் தவிர்க்க வேண்டிய செயலே அதுதான்.

தீராமல் இருப்பது ஒன்று. புதுப்பொடியில் முதல் வெந்நீர் பட்டதும், வறுக்கும்போது உள்ளே சிக்கிய கரியமில வாயு கிளம்பிப் பொடி எழும்புகிறதே, அதற்குப் பெயர். ‘மலர்ச்சி’ என்பது ‘புளூம்’ என்ற ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்தது, பார்ப்பவருக்கு எதுவும் சொல்லவில்லை. நான் ‘உப்பல்’ என்று நினைக்கிறேன்; பூரி உப்புவதைப் பார்த்தவருக்கு இது புரியும். ஆனால் பேச்சில் உப்பல் என்றால் வயிற்றுக் கோளாறும் நினைவுக்கு வரலாம் என்பதால் உறுதியாகச் சொல்லவில்லை. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் அந்த நேரத்தில் பொடியைப் பார்த்து என்ன சொல்வார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அந்தச் சொல் கிடைத்தால் என் சொல்லை எடுத்துவிட்டு அதைப் போடலாம்.

அன்புடன்,
மல்லேஸ்வரத்திலிருந்து