சிறிய அறைக்கு கெஃப் கியூ150-ஆ, கிளிப்ஷ் ஆர்பி-600எம்-ஆ?

கேள்வி:
சிறிய அறையில், சுவரையொட்டிய அலமாரியில் வைத்துக் கர்நாடகக் கச்சேரிகளைக் கேட்க, 30 வாட் ஆம்ப்ளிஃபையருடன் இவற்றில் எந்த ஸ்பீக்கர் பொருந்தும் என்று விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
கிளிப்ஷின் உணர்திறனாக (தரும் மின்திறனுக்கு எவ்வளவு உரக்க ஒலிக்கும் என்ற அளவு) நிறுவனம் குறிப்பிடுவது 96 டெசிபெல், கெஃபுக்கு 86. அதாவது அதே ஒலியளவுக்குக் கெஃப் ஏறத்தாழ பத்து மடங்கு மின்திறனைக் கேட்கும். ஆயினும் மிதமான ஒலியில் கேட்பவருக்கு 30 வாட் தாராளம்.

மறுமொழி 2:
கெஃபில் ட்வீட்டர் (உச்ச ஒலிகளுக்கான சிறு ஒலிப்பான்) வூஃபரின் (தாழ்ந்த ஒலிகளுக்கான பெரிய ஒலிப்பான்) நடுவிலேயே அமைந்திருப்பதால், அருகில் அமர்ந்தாலும் பாடகரின் குரல் ஒரே புள்ளியிலிருந்து எழுவதாகத் தோன்றும். வாய்ப்பாட்டுக்கு நான் தயங்காமல் அதையே பரிந்துரைப்பேன்.

மறுமொழி 3:
இரண்டுக்கும், தாழ்ந்த ஒலியை வலுப்படுத்தும் காற்றுத்துளை பெட்டியின் பின்புறத்தில் உள்ளது. சுவரையொட்டி வைத்தால் மிருதங்கத்தின் தாழ்ந்த ஒலிப் பக்கமான தொப்பியின் ஒலி வீங்கி, குரலையும் மறைக்கும்; ஓரடியாவது முன்னே நகர்த்த இடமில்லையென்றால், மூடிய பெட்டியோ முன்புறத் துளையோ கொண்ட ஸ்பீக்கரைத் தேடுங்கள்.